ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால்

நாய்க்குட்டி வாங்கி வந்த பல வீடுகளில், தடுப்பூசி எல்லாம் போட்டு முடியும்வரை அதை வாசல் தாண்ட விடுவதில்லை. பார்வோ வைரஸ் தொற்று வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் ஊசிகள் முடிவதற்குள் குட்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிடும். பழகும் பருவம் அதற்கு முன்பே கடந்துவிடுகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து 12, 14 வாரம்வரை குட்டிக்குப் பயத்தைவிட ஆவல் அதிகம். 1961-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலியடைத்த திடலில் மனிதப் பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் வெளியே எடுத்துப் பழக்கினார்கள். ஐந்து, ஏழு வாரத்தில் வந்தவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை உள்ளேயே இருந்தவை மனிதரை நெருங்கவே விடவில்லை.

அதனால் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். மற்ற நாய்கள் புழங்கும் மண்ணில் மட்டும் இறக்கவேண்டாம். தெருமுனையில் பத்து நிமிடம் நின்றாலே போதும்: ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, ஓடிவரும் பிள்ளைகள், ஹாரன். வீட்டுக்குள் மிக்ஸியும் குக்கர் விசிலும் இருக்கவே இருக்கின்றன. இப்படி ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கேட்கும்போதும் குட்டிக்கு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். வால் கால்களுக்கு நடுவே போனாலோ, தீனியை மறுத்தாலோ நாம் மிக அருகில் நிற்கிறோம் என்று பொருள், விலகி வந்துவிடுங்கள். எல்லார் கையிலும் கொடுத்துக் கொஞ்சவைப்பது பழக்குவது ஆகாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாய் இனங்கள் இயல்பிலேயே அந்நியரிடம் ஒதுங்கி நிற்பவை. அவை பதறாமல் இருந்தாலே நிறைவு.

இனி, குரைப்பது, தாவுவது போன்ற திரும்பத் திரும்ப வரும் தொல்லைகள். இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் நாய்க்குக் கிடைக்கும் ஏதோ ஒரு பலன் இருக்கிறது. கூரியர்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான். நாயோ தன் குரைப்புதான் விரட்டியது என்று எடுத்துக்கொள்கிறது. இது தினமும் நடந்தால் நம் அதட்டல் எங்கே எடுபடும்? காலிங்பெல் அடித்ததும் பாயில் போய் உட்கார்ந்தால் தீனி என்று மாற்றுவேலை ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.

இதில் வீடு முழுக்க ஒரே பேச்சாக இருக்கவேண்டும். நாய் மேலே தாவும்போது அப்பா தள்ளிவிட்டு, பாட்டி தடவிக்கொடுத்தால் தாவல் இன்னும் உறுதிப்படும். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் நாயை விடாமல் முயலவைக்கிறது. எல்லாரும் சேர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டால், முதலில் தாவல் கூடும். பழைய வழி பலிக்காததால் நாய் இன்னும் வேகமாக முயல்கிறது. அந்தக் கட்டத்தில் மனமிளகிவிட்டால், இவ்வளவு தாவினால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அந்தச் சில நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள்.

உறுமலுக்கு அடிக்கவே கூடாது. அது எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் நாய் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கக்கூடும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப்புண்ணோ பல்வலியோ மூட்டுவலியோ இருக்கலாம்.