குழந்தை வாசிக்கிறது, விஷயம் புரிகிறதா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தை பாடப் புத்தகத்தைப் பிரித்துக் கணீரென்று வாசிக்கும்போது எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிராது? ஓர் எழுத்துப் பிசகாமல், மூச்சு விடாமல் வாசித்து முடிக்கிறது. "சரி கண்ணா, இதிலே என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் திருதிருவென்று விழிக்கும். சில, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

குழந்தையின் மேல் குற்றமில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒரு வித்தை. வாசித்ததன் சாரத்தைப் பிடிப்பது வேறொரு வித்தை. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1983-ம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பாடத்தைச் சுருக்கும்போது, வேண்டாத வரிகளைத் தள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. ஆனால் மையக் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் அமைப்பது பெரிய மாணவர்களுக்குக்கூடச் சிரமமாக இருந்ததாம்!

நம்மவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், காண்டிகை உரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்து அங்கங்களைச் சொல்கிறார். முதலில் நிற்பது கருத்து. அதற்குச் சான்றாக வருவது காட்டு, அதாவது உதாரணம். பண்டிதர்களின் இந்த முறையைச் சமையலறை வாசலில் உட்கார்ந்தே குழந்தைக்குச் சொல்லித் தரலாம்.

எப்படி என்கிறீர்களா? இதோ ஒரு சின்னப் பாடம்:

"தூக்கணாங்குருவி பத்திரமான கூடு கட்டுகிறது. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து கெட்டியாகப் பின்னுகிறது. பாம்பு சுலபமாக நெருங்காதபடி முள்மரத்திலோ தண்ணீருக்கு மேலோ கூட்டைத் தொங்கவிடுகிறது. வாசலைக் கீழ்ப்பக்கமாக வைக்கிறது. முட்டையிடும் பருவத்தில் ஆண் குருவியின் தலை மஞ்சளாக இருக்கும்."

"இது எதைப் பற்றி?" என்று முதலில் கேளுங்கள். "குருவியைப் பற்றி" என்று பதில் வரும். அது தலைப்புத்தான், கருத்து ஆகாது. "குருவியைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். "பத்திரமாகக் கூடு கட்டுகிறது" என்று முழு வாக்கியமாக வந்தால், அதுதான் கருத்து.

இனி, கல்யாணப் பந்தலை நினைவூட்டுங்கள். கருத்து என்பது பந்தலின் கூரை. அதைத் தாங்கும் கால்கள் எவை? "பத்திரமானது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், குழந்தை விரல் விட்டு எண்ணும்: கெட்டியான பின்னல் ஒன்று, தொங்கும் இடம் இரண்டு, கீழ் வாசல் மூன்று. மஞ்சள் தலை? அது நிஜந்தான், அழகுந்தான். ஆனால் இந்தக் கூரையைத் தாங்கவில்லை. "அப்போ இது சும்மா நிக்கிற கால், அம்மா!" என்று குழந்தையே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இது பழகிய பிறகு, முதல் வரியைக் கையால் மறைத்துவிட்டு மற்ற வரிகளைக் காட்டுங்கள். கூரையைக் குழந்தையே வேயட்டும். இதுதான் கடினமான படி, அவசரப்படுத்தாதீர்கள். தப்பாகச் சொன்னால் அதட்ட வேண்டாம். "எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டாலே போதும். பாதித் தவறு அங்கேயே திருந்திவிடும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று தோன்றலாம். கீழ் வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. மேலே போகப் போக, வாசித்துத்தான் சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் கற்க வேண்டும். எது கூரை, எது கால் என்று தெரியாத பிள்ளைக்கு எல்லா வரியும் ஒரே கனம். பாவம், அத்தனையையும் நெட்டுருப் போடுகிறது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறது. நாமோ, "கவனம் போதாது" என்று கடிந்துகொள்கிறோம். 2021-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டமும், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் குழந்தை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்தது.

இதற்குப் பட்டப்படிப்போ டியூஷனோ வேண்டாம். அதிகம் படிக்காத அம்மாவும் பாட்டியும்கூடச் செய்யலாம்; வாசிக்கப் போவது குழந்தை, கேட்கப் போவதுதான் நீங்கள். புத்தகம் இல்லாத நேரத்திலும் நடக்கும். பள்ளியில் நடந்த சண்டையைக் குழந்தை நீட்டி முழக்கும்போது முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை ஒரே வரியில் அப்பாவுக்குச் சொல்லேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம், இரண்டே கேள்வி: "என்ன சொல்கிறது? எப்படித் தெரியும்?" நாளடைவில் அந்தக் கேள்விகளைக் குழந்தை உங்களிடமே திருப்பிக் கேட்கும். அப்போது பதில் சொல்ல நீங்களும் தயாராக இருங்கள்!