விறகு, நிலக்கரி எரியும் கணப்பு அடுப்பு: பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

ஏர்கானை எப்படிப் பயன்படுத்துவது என்று சிங்கப்பூரில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டைச் சூடாக்குவது எப்படி? அது நமக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. அங்குள்ள பழைய வாடகை வீடுகளிலும் கிராமப்புற விடுமுறை இல்லங்களிலும் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்பு அடுப்பைப் பார்க்கலாம். சிலவற்றில் விறகு, நிலக்கரி இரண்டையும் எரிக்கலாம். அதை 'மல்டி-ஃபியூயல் ஸ்டவ்' என்கிறார்கள்.

பார்க்க அழகு, அறையும் கதகதப்பாக இருக்கும். ஆனால் தீ மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் தப்பு.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எது?

கார்பன் மோனாக்சைடு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை.

விறகோ நிலக்கரியோ நன்றாக எரியப் போதிய காற்று வேண்டும். காற்று குறைந்தால் அது அரைகுறையாக எரியும். அப்போது இந்த வாயு அதிகமாக உருவாகும். வழக்கமாகப் புகைபோக்கி வழியாக அது வெளியே போய்விடும். புகைபோக்கி அடைத்திருந்தாலோ அடுப்புக் கதவு சரியாக மூடாவிட்டாலோ அறைக்குள் வந்துவிடும்.

இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதனுடன் கார்பன் மோனாக்சைடு, உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம். உடலுக்கோ உயிர்வாயு போய்ச்சேராது.

புகை அலாரம் இருக்கே, அது போதாதா?

போதாது. புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி.

இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளில் விறகோ நிலக்கரியோ எரிக்கும் அடுப்புள்ள அறையில் இந்த அலாரம் இருக்கவேண்டும் என்பது 2015 அக்டோபர் முதல் சட்டம். வீட்டுக்குள் போனதும் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்திருக்கவேண்டும். விறகு அதிகம் எரிக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

எதை எரிக்கலாம்?

காய்ந்த விறகு. ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். புகை கூடும், புகைபோக்கியின் உட்புறத்தில் தார் படியும். அந்தத் தார் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும்.

இங்கிலாந்தில் சிறிய அளவில் விற்கப்படும் விறகில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டொக்' என்று கணீரென ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம் இருக்கலாம்.

வீட்டு உபயோகத்துக்கான சாதாரண நிலக்கரி விற்பனைக்கு அங்கே 2023 மே மாதத்திலிருந்து தடை. கடையில் கிடைப்பது 'ஸ்மோக்லெஸ்' எனும் புகை குறைந்த எரிபொருள். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். புகை குறைவு என்றால் நச்சுவாயு இல்லை என்று அர்த்தமல்ல.

பெயின்ட் அடித்த பலகை, பழைய மரச்சாமான், குப்பை எதையும் அடுப்பில் போடக்கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கவே கூடாது.

விறகும் நிலக்கரியும் ஒன்றா?

இல்லை. இரண்டும் எரியும் விதமே வேறு.

- விறகுக்குக் காற்று மேலிருந்து வரவேண்டும். அடியில் ஓர் அங்குலம் சாம்பல் மெத்தைபோல் இருந்தால் நன்றாக எரியும்.
- நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து வரவேண்டும். சாம்பல் தட்டு நிரம்பினால் காற்று அடைபடும். அதனால் அதை அடிக்கடி காலி செய்யவேண்டும்.
- இரண்டையும் சேர்த்து எரிக்கவேண்டாம். விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலம் உருவாகிப் புகைபோக்கிக் குழாயை அரிக்கும்.
- விறகுக்கு மட்டும் செய்யப்பட்ட அடுப்பில் நிலக்கரியைப் போடக்கூடாது.

நாம் எங்கே தவறு செய்கிறோம்?

ஏர்கான் போட்டால் கதவு, ஜன்னலை இறுக்கி மூடுவது நம் பழக்கம். அடுப்பு எரியும் அறையில் அது சரிவராது. "குளிர் காத்து வருதே" என்று சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைக்காதீர்கள். அடுப்புக்கு மூச்சே அதுதான். சமையலறைப் புகையை இழுக்கும் மின்விசிறியை முழு வேகத்தில் போட்டால் அதுவும் புகையை அறைக்குள் திரும்ப இழுக்கக்கூடும்.

இன்னொன்று, தூங்கப் போகும்முன் நிறைய விறகைப் போட்டுக் காற்று வரும் வழியை மூடிவிடுவது. விடியும்வரை சூடு இருக்கும் என்ற ஆசை. ஆனால் மூச்சுத் திணறும் நெருப்புதான் அதிகமான நச்சுவாயுவையும் தாரையும் தரும். அதுவும் எல்லாரும் தூங்கும் நேரத்தில். நெருப்பை அணையவிட்டுக் கனமான போர்வையைப் போர்த்திக்கொள்வதே மேல்.

சாம்பலை என்ன செய்வது?

அணைந்ததுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பையிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டவேண்டாம். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். கங்கு உள்ள வாளி வீட்டுக்குள் இருந்தால் அதிலிருந்தும் நச்சுவாயு வரும்.

உடம்பு என்ன சொல்லும்?

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி, குழப்பம். பார்த்தால் சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கும், ஆனால் உடம்பு சுடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா? வெளியே போனால் சரியாகி, திரும்பி வந்தால் மறுபடி வருகிறதா? சந்தேகப்படுங்கள்.

உடனே அனைவரும் வெளியேறுங்கள். போகிற வழியில் முடிந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். 999 எண்ணை அழைத்து, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இயல்பான அளவைக் காட்டினாலும் நம்பவேண்டாம். அந்தக் கருவியால் இந்த வாயுவையும் உயிர்வாயுவையும் வேறுபடுத்த முடியாது. இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

புகைபோக்கியிலிருந்து ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டாலும் அப்படித்தான். உள்ளே தார் எரிகிறது. வெளியேறி 999ஐ அழையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்குண்டு

புகைமூட்டக் காலத்தில் நாம் பார்க்கும் பிஎம் 2.5 நுண்துகள்கள் விறகுப் புகையிலும் உண்டு. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நிலக்கரிப் புகையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்றும் பல நகரங்கள் புகைக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக உள்ளன. இங்கிலாந்தில் அத்தகைய வட்டாரங்களில் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பினால் 300 பவுண்டுவரை அபராதம் விதிக்கப்படலாம்.

நன்றாக எரியும் அடுப்பின் அடையாளம் எளிது: துடிப்பான தீ, தெளிவான கண்ணாடி, வெளியே கண்ணுக்குத் தெரியாத அளவு புகை. கண்ணாடி கறுத்துப் போனால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.