சிவனொளிபாதமலைக்கு எந்தச் சப்பாத்து?

டிசெம்பர் மாதப் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் ஆரம்பமாகி, மே மாதம் வெசாக் போயா வரைக்கும் நடக்கும். இந்த மாதங்களில் நமது தோட்டங்களில் இருந்து வேன் பிடித்தும் லொறி பிடித்தும் குடும்பம் குடும்பமாக நல்லதண்ணிக்குப் போகிறார்கள். போய் வந்த மறுநாள் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பெருவிரல் நகம் கறுத்துப் போனவர், குதிக்காலில் கொப்புளம் உடைந்தவர், கணுக்கால் பிசகி நொண்டி வருபவர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்று நாள் மலையேற முடியாவிட்டால் மூன்று நாள் பேர் போச்சு. ஆகவே இம்முறை சப்பாத்தைப் பற்றி எழுதுகிறோம்.

சிவனொளிபாதமலையின் உயரம் 7,359 அடி, அதாவது 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்துப் பாதையில் சுமார் 5,500 படிகள் என்று சொல்வார்கள். இரத்தினபுரிப் பக்கம் இருந்து ஏறும் பாதைகள் இதைவிட நீளமானவை, கரடுமுரடும் அதிகம். படி என்றதும் ஆஸ்பத்திரிப் படி மாதிரி ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில இடத்தில் சீமெந்து, சில இடத்தில் வெறும் கல். ஒரு படி அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். இரவில் ஏறுவதால் பனி விழுந்து கல் எல்லாம் ஈரமாகவே இருக்கும்.

"நாங்க தெனமும் மலையில நிக்கிறவங்க, எங்களுக்கு எதுக்கு சப்பாத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஏறுவதற்கு நமது ஆட்களுக்கு மூச்சும் இருக்கிறது, காலும் இருக்கிறது. ஆனால் தேயிலை நிரையில் கால் வைப்பது மண்ணில். மண் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கல் கொடுக்காது. அதோடு, காலைக் கெடுப்பது ஏற்றம் அல்ல, இறக்கம். இறங்கும்போது உடம்புப் பாரம் முழுவதும் முன்னங்காலில் விழுகிறது. கால் சப்பாத்துக்குள் முன்னால் வழுக்கிப் போய், ஒவ்வொரு படியிலும் விரல் நுனி இடிக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை இடித்தால் நகம் கறுக்காமல் என்ன செய்யும்?

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்க இடம். சப்பாத்தைப் போட்டு எழுந்து நின்று, விரல்களை முன்னால் தள்ளிப் பாருங்கள். அப்போது குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அடுத்த நம்பர் கேளுங்கள். காலையில் வாங்கப் போகாதீர்கள். நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கி இருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். மாலையில் சரியாக இருப்பதே மலையில் சரியாக இருக்கும். இரண்டு காலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அநேகருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது.

அடுத்தது அகலம். சிறு வயது முதல் வெறுங்காலில் நடந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் அகன்று, விரல்கள் விரிந்து இருக்கும். அது குறை அல்ல, நல்ல கால். ஆனால் கடைகளில் தொங்குகிற சப்பாத்துகளில் பல முன்னுக்கு ஒடுங்கியவை. ஒரு சுலபமான வழி சொல்கிறோம். வீட்டில் ஒரு கடதாசியில் காலை வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அதைச் சப்பாத்தின் அடியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். கடதாசி வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்து சுண்டுவிரலைக் கடிக்கும். "போடப் போட விரிஞ்சு குடுக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். துணிச் சப்பாத்து கொஞ்சம் விரியும். பிளாஸ்டிக் கலந்தது விரியவே விரியாது.

பிறகு அடியைத் திருப்பிப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதிய வேண்டும். அதுதான் றப்பர். பதியாமல் வழுவழு என்று மின்னினால் அது கெட்டிப் பிளாஸ்டிக், ஈரக் கல்லில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அடியில் வெட்டுகள் ஆழமாக, இடைவெளி விட்டு இருப்பது நல்லது. நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு தட்டையாகிவிடும். இன்னொரு சோதனை: சப்பாத்தின் முன்னையும் பின்னையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்கினால் நல்லது. நடுவில் மடங்கினால், அல்லது ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்க முடிந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாட்டாச் செருப்போடு மலையேறி இறங்கியவர்கள் ஏராளம். நாம் மறுக்கவில்லை. ஆனால் இறங்கும்போது வார் பிய்ந்துவிட்டால் மிச்சப் படிகள் எல்லாம் வெறுங்கால்தான். செருப்புத்தான் வசதி என்றால் பின்வார் உள்ளதைப் பாருங்கள். கம்பூட்ஸ் கான் வெட்டவும் மழைக்கும் நல்லது, மலைக்குக் கூடாது. உள்ளே கால் ஆடும், வியர்வை வெளியேறாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தோடு கூட்டிப்போவதும் நல்லதல்ல. அடி மெல்லியது, கல் குத்தும். திங்கட்கிழமை அதே சப்பாத்தை எப்படி வெள்ளையாக்குவது? வளர்கிற பிள்ளை என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கினால் படியில் தடுக்கி விழும். ஒரு நம்பர் போதும்.

புதுச் சப்பாத்தை மலையடிவாரத்தில் முதல் தடவையாகப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் கடைக்கு, கோயிலுக்கு என்று போட்டு நடந்து பழக்குங்கள். காலுறையும் முக்கியம். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஈரத்தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். கம்பளி கலந்ததோ நைலோன் கலந்ததோ மேல். உச்சியில் பாதத்தைத் தரிசிக்கச் சப்பாத்தைக் கழற்றத்தான் வேண்டும். விடியற்காலைக் கல் ஐஸ் மாதிரி இருக்கும். காய்ந்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து, குதிக்காலைப் பின்னுக்குத் தள்ளி, கயிற்றை மேல்பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இது ஒரு நிமிட வேலை. விரல் இடிப்பது பாதி குறையும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வருத்தம் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கல் குத்துவதும் தெரியாது, சப்பாத்துக் கடிப்பதும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் புண். அது ஆறாமல் உள்ளே பரவி, விரலை எடுக்க வேண்டிய நிலைக்கும் போகும். வெறுங்காலில் ஏறுவதாக நேர்த்தி வைத்திருக்கும் பெரியவர்களின் பக்தியை நாம் மதிக்கிறோம். சீனி இருந்தால் மட்டும், தயவுசெய்து அந்த நேர்த்தியை வேறு விதமாகச் செலுத்துங்கள். போகும் முந்திய வாரம் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். சப்பாத்துப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிக் கல், ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் இரண்டு மூன்று தடவை கழற்றி, கூட வந்தவரை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். "பேத்திகிட்ட கால காட்ட வெக்கமா இருக்கு" என்று ஓர் ஆச்சி சொன்னார். பேத்தி பார்க்காவிட்டால் பிறகு டாக்டர் பார்க்க வேண்டி வரும் என்றோம். சிரித்துக்கொண்டே காட்டினார்.

திரும்பி வந்ததும் நனைந்த சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை விட்டு அடி கழன்றுவிடும். பழைய பத்திரிகைக் கடதாசியைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றுப்படும்படி வையுங்கள். கடதாசி ஈரமானதும் மாற்றுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது அடியை ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சில சப்பாத்துகளின் மெத்தென்ற அடி, போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் உதிர்ந்து போகும்.