பிரேக் சத்தமும் எண்ணெய்ச் சொட்டும்

சைக்கிளில் நூற்சிப்பம் ஏற்றிவரும் செல்லூர் நெசவாளரும், மாட்டுத்தாவணிக்கு மல்லிகை மூட்டை கொணரும் விவசாயியும் ஒருங்கே செய்யும் தவறொன்றை நாம் அடிக்கடி காண்கிறோம். பிரேக் கிரீச்சிட்டால் அதன்மீது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், சைக்கிள்தான் நிற்காது. பிரேக்கின் வேலையே உராய்வு. எண்ணெயோ அதைக் கெடுப்பது. சுமையுடன் பாலச் சரிவில் இறங்கும்போது இதன் விளைவு யாதென அங்கத்தினர்களே அறிவர்.

பிரேக் கட்டை ரிம்மில் ஒட்டியும் வழுக்கியும் அதிர்வதே அவ்வொலி. விலை மலிந்த சைக்கிளில் பெரும்பாலும் நட்டுகளின் தளர்ச்சியே காரணம். முதலில் அவற்றை முடுக்குக. பின்னர் ரிம்மைச் சோப்பு நீரால் கழுவி உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஆகாது, அதுவும் பிசுக்கு விடும். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியாரின் ஹெர்குலிஸ் போன்ற பழைய கம்பி பிரேக் வண்டிகளில் கட்டை தொடுவது ரிம்மின் உட்புறத்தை. ஆகவே அங்கும் கழுவுதல் அவசியம். கட்டையின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து, பதிந்துள்ள மணலை ஊசியால் நீக்குக. எண்ணெய் ஊறிய கட்டை தேறாது, புதிதே இடவேண்டும். எண்ணெய்க்குரிய இடம் கம்பி மூட்டுகள் மட்டுமே. அங்கும் ஒரு சொட்டு போதும், வழிந்ததைத் துடைத்துவிடுக. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் நல்ல கட்டையும் தாமதித்தே பிடிக்குமாதலால், சரிவுக்கு முன்னரே பிரேக்கை அழுத்தத் தொடங்குதல் வேண்டும்.