பாரிய இயந்திரங்களை வடிவமைப்போர் பணி

பொறியியலாளர் என்றதும் பாலம் கட்டுவோரையும் குளம் திருத்துவோரையும் மின்னிலையம் நடத்துவோரையுமே நம்மவர் நினைப்பது வழக்கம். தொழிற்சாலைகளில் ஓடும் பேரியந்திரங்களைக் கடதாசியில் முதன்முதல் உருவாக்கித் தருவோர் வேறொரு வகுப்பினர். அவர்தம் பெயர் இயந்திரத்தின்மேற் பொறிக்கப்படுவதில்லை. அவர்தம் தொழில் யாதென வினவுவாரும் அரியர். இத்துறையிற் பயின்ற பழைய மாணவர் என்ற முறையில் அப்பணியின் இயல்பை இளைய மாணவர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பாரிய இயந்திரத்துக்கு வேண்டுவன பருமனும் வலிமையுமே எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையிற் பாதியே. எத்துணைக் கனத்த உருக்கும் சூட்டில் நீளும்; சுமையில் வளையும்; உராய்விலே தேயும். இவற்றை முற்றாகத் தடுக்க முயல்வோர் தோல்வியே காண்பர். இவற்றை முன்னறிந்து, அளந்து, இடங்கொடுத்து வைப்போரே வெற்றி பெறுவர். இதனை நம் நாட்டவர்க்கு அயலான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவாம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை, அவ்விடத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு நாற்பது ஆண்டுகள் சீமெந்து செய்து, போரின் காரணமாக 1990 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. அத்தகைய தொழிற்சாலை யாவற்றுக்கும் இதயம் போன்றது சுழல்சூளை. உருக்குத் தகட்டாலாய நீண்ட பெருங் குழாயே அது. அதன் உட்புறம் முழுவதும் தீச்செங்கல் பதிக்கப்பட்டிருக்கும். 100 அடிக்கு 3 அல்லது 4 அடி என்ற சாய்விற் கிடந்து, நிமிடத்துக்குச் சில தடவை மட்டுமே அது சுழலும். மேல் முனையில் இடப்படும் சுண்ணாம்புக்கல், களிமண் கலவை மெல்ல மெல்லக் கீழிறங்கும். கீழ் முனையிலிருந்து நெருப்பு எதிர்கொண்டு வரும். ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் கலவை கிளிங்கர் எனப்படும் கட்டிகளாகும். அக்கட்டிகளைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் வருவதே சீமெந்து.

இவ்வமைப்புக்கு 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றவர் பிரெடரிக் ரான்சம். ஆயினும் அது நன்கு இயங்கி இலாபம் தரத் தொடங்கியது 1890 களில் அமெரிக்காவிலேயே. அக்காலச் சூளைகள் 60 முதல் 80 அடி நீளமுடையன. தோமஸ் எடிசன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஜேர்சியில் 150 அடி நீளச் சூளைகளை அமைத்தார். நீளம் வளர வளர வடிவமைப்போர்க்குப் புதிய இடர்களும் வளர்ந்தன.

அவற்றுள் முதலாவது வெப்பத்தால் வரும் நீட்சி. 60 மீற்றர் நீளமான ஒரு சூளையின் உருக்குத் தோல் 250 பாகை சூடேறுவதாகக் கொள்வோம். உருக்கின் ஒவ்வொரு மீற்றரும் ஒரு பாகைக்கு 0.012 மில்லிமீற்றர் நீளும். ஆகவே முழுச் சூளையும் 180 மில்லிமீற்றர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, நீண்டுவிடும். அதனை இரு முனையிலும் இறுகப் பிணித்தால் சூளை வளையும், அன்றேல் பிணிப்பு உடையும். ஆதலின் ஓரிடத்தில் மட்டுமே அதனை நிலைநிறுத்தி, மற்றைத் தாங்கிகளில் முன்பின் நகர விடுவர். தாங்கும் உருளைகளைச் சூளையின் வளையங்களிலும் அகலமாக வரைவது இக்காரணம் பற்றியே. சாய்ந்து கிடக்கும் சூளை கீழ்நோக்கியும் தள்ளும். அதன் நிறை 500 தொன்னாகவும் சாய்வு நூற்றுக்கு நான்காகவும் இருப்பின், அத்தள்ளுவிசை 20 தொன்னாகும். நிலைநிறுத்தும் அவ்வோரிடம் அதனையும் தாங்கல் வேண்டும்.

இரண்டாவது, சூளையைச் சுற்றியுள்ள உருக்கு வளையங்கள் பற்றியது. சூளையின் பாரம் முழுவதும் இவற்றின் வழியாகவே உருளைகளிற் பொறுக்கின்றது. வளையத்திலும் உள்ளே இருக்கும் தோல் கூடுதலாகச் சூடேறும். விட்டம் 4 மீற்றரும் வெப்ப வேறுபாடு 150 பாகையுமாயின், தோலின் விட்டம் வளையத்தினும் 7 மில்லிமீற்றருக்கு மேல் மிகுதியாகப் பெருக்கும். குளிர்ந்த நிலையில் இடைவெளி விடாது இறுக்கியிருந்தால் வளையம் தோலைக் கழுத்தை நெரிப்பதுபோல் நெரித்து, மீளாத வடுவை உண்டாக்கும். இடைவெளி மிகையாயினும் கேடே. தோல் முட்டை வடிவாக நசிந்து, உள்ளிருக்கும் செங்கற்கள் தளர்ந்து விழும். ஆகவே வேண்டுவது அளவான இடைவெளி. சூளை ஓடும்போது அவ்விடைவெளியை அறிதற்கு எளிய வழியொன்று உண்டு. தோலிலும் வளையத்திலும் சுண்ணக்கட்டியால் நேராக ஒரு கோடிட்டு, ஒரு சுற்றின் பின்னர் இரு கோடுகளும் எவ்வளவு விலகின என்று பார்ப்பர். அனுபவமுள்ள தொழிலாளிக்கு அவ்விலகலே சூளையின் நாடித்துடிப்பு.

மூன்றாவது, உலோகத்தின் களைப்பு. மயில் இறகேயாயினும் அளவுக்கு மேலேற்றிய வண்டி முறிந்துபோகும் என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எடுத்துரைத்தார். அளவுக்கு உட்பட்ட சுமையும் எண்ணிறந்த தடவை மாறி மாறித் தாக்கினால் உலோகத்தை முறிக்கும் என்பதைப் பிற்கால உலகம் பெருந் துயரத்தின் மூலமே கற்றது. 1842 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, தீயும் மூண்டு, ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜேர்மனியப் புகையிரதப் பொறியியலாளர் ஒகஸ்ற் வோலர், அச்சுகளைப் பல்லாயிரம் முறை சுழற்றிச் சோதித்து, எத்துணைச் சுமையை எத்தனை தடவை உலோகம் பொறுக்கும் என்பதை அளந்து காட்டினார்.

அக்கணக்கைச் சூளைக்கும் இட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு மூன்று சுற்றாக ஆண்டில் 330 நாள் ஓடினால், ஓராண்டிற் சுற்றுகள் 14 இலட்சத்து 25 ஆயிரத்து 600. முப்பது ஆண்டில் அவை நான்கு கோடியைக் கடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சூளைத் தோலின் ஒவ்வோர் ஒட்டும் ஒரு முறை இழுபடும், ஒரு முறை நெருக்குண்ணும். ஆகவே வளையங்களின் கீழ்த் தகட்டைத் தடிப்பாக்கி, தடிப்பிலிருந்து மெலிவுக்குப் படிப்படியாக இறங்கி, ஒட்டுகளைத் தாக்கம் மிகுந்த இடத்திலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். இக்காலத்திற் கணினி இத்தாக்கங்களை நுணுக்கமாகக் கணக்கிட்டுத் தருகின்றது. ஆனால் எந்தச் சுமையைக் கணக்கிடல் வேண்டும் என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர் மனிதரே.

இனி, இரவு நடுவில் மின்சாரம் நின்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். உள்ளே கொதிக்கும் கலவை அடிப்புறத்திலே கிடக்கின்றது. மேற்புறம் ஆறத் தொடங்குகின்றது; மழையும் பெய்தால் அது விரைந்து ஆறும். சுழலாது கிடக்கும் சூளை சில மணி நேரத்துக்குள்ளேயே வாழைக்காய்போல வளைந்துவிடக் கூடும். ஆதலின் மின்சாரத்தை நம்பாத சிறு எஞ்சின் ஒன்றை வடிவமைப்போர் அருகே வைப்பர். வெப்பம் தணியும் வரை அது சூளையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். ஆண்டில் ஒருநாளும் வேலையின்றி நிற்கக்கூடிய இந்தச் சிற்றெஞ்சினைச் செலவு மிச்சம் கருதி விலக்கினால், பேரியந்திரம் ஓரிரவிற் பாழாகும்.

இயந்திரத்தினும் அரியது உயிர். செங்கற்கள் தேய்ந்தபின் சூளையை ஆறவிட்டு, தொழிலாளர் அதன் உள்ளே சென்று புதுக்கல் பதிப்பர். ஒரு பக்கத்திற் கல் மிகுந்திருந்தால், இயக்கியிலிருந்து விடுபட்ட சூளை பாரம் மிகுந்த பக்கம் நோக்கித் தானே உருளும். உள்ளே நிற்போர் கதி யாதாகும்? ஆகவே, நிறுத்தும் தடையையும் பூட்டையும் வரைபடத்தில் முதலிலேயே இடுதல் கடமையாகும். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடத்தக்கன அல்ல அவை. திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றச் சாவி நுழைய இடமுண்டா, எண்ணெய் ஊற்றுவோர் சுழலும் பற்சில்லுக்கு எட்டி நின்று ஊற்ற வழியுண்டா என்றெல்லாம் எண்ணிப் பாராத வரைபடம் எவ்வளவு அழகியதாயினும் முற்றுப்பெற்றதன்று. தொழிற்சாலையைத் தம் கண்ணாற் காணாது, முதிய தொழிலாளியின் சொல்லைச் செவிமடாது, மேசையில் மட்டும் இருந்து வரைவோர் இவற்றை அறிதல் அரிது.

இத்தொழிலை நாடும் மாணவர்க்கு யாம் கூறக் கூடியது இதுவே. கணிதத்தையும் பௌதிகத்தையும் ஐயந்திரிபறக் கற்றுக்கொள்ளுங்கள். வரைதலிற் கை பழகட்டும். விடுமுறையில் ஒரு பட்டறைக்கோ ஆலைக்கோ சென்று, பழுது பார்ப்போர் அருகில் நின்று, எது முறிந்தது, ஏன் முறிந்தது என்று கேளுங்கள். நீங்கள் இன்று வரையும் ஒரு கோட்டின் விளைவை, முப்பது ஆண்டின் பின்னர் உங்களை அறியாத ஒருவர் தம் கையால் தொட்டு வேலை செய்வார். அவர் மாலையில் நலமாக வீடு திரும்புவாராயின், உங்கள் பெயர் அவ்வியந்திரத்தில் இல்லாதது ஒரு குறையன்று.