பிள்ளைகள் பார்க்கும் பேய்க்கதைகள்

கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அமானுஷ்யத் தொலைக்காட்சித் தொடர்கள் பெற்றோரின் வெறுப்புக்கு உள்ளாவது வழமை. இரத்தக் காட்டேரிகள், சூனியக்காரிகள், ஓநாய் மனிதர்கள் என்று இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்காத தாய் தந்தையர் அரிது. சூனியம், செய்வினை என்பவற்றை வெறும் கற்பனையென்று தள்ளிவிடாத சமூகங்கள் எமது சமூகங்கள். இஸ்லாம் சூனியத்தைப் பெரும் பாவமாக விலக்கியுள்ளது. எனவே பெற்றோரின் கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் காண, இவ்வகைத் தொடர்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்த ஒன்றை எடுத்து நோக்குவது பயனுடையது.

'பஃபி த வம்பயர் ஸ்லேயர்' என்னும் அமெரிக்கத் தொடர் 1997 மார்ச் முதல் 2003 மே வரை 144 அங்கங்களாக ஒளிபரப்பானது. ஜொஸ் வீடன் என்பவரின் ஆக்கம் அது. கலிபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை நகரம்; அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையின் கீழே நரகத்தின் வாய். காட்டேரிகளை அழிக்கும் பணி 16 வயது மாணவி பஃபியின் தலையில் விழுகிறது. இவ்வளவும் கேட்டால் சிறுபிள்ளைத்தனமான கதையாகவே தோன்றும். ஆனால் இங்கு வரும் பேய்களிற் பல, கட்டிளமைப் பருவத்தினர் வாய்விட்டுச் சொல்ல முடியாத துன்பங்களின் உருவங்களாகும்.

முதலாம் பருவத்தில் வரும் ஒரு தாயைப் பாருங்கள். தனது மாணவப் பருவத்தில், விளையாட்டுப் போட்டிகளில் உற்சாகமூட்டும் மாணவியர் அணியில் புகழ்பெற்று விளங்கியவள். அந்தப் புகழை மீண்டும் அனுபவிப்பதற்காக மந்திரத்தால் தன் மகளின் உடலையே எடுத்துக்கொள்கிறாள். தாம் எட்டாத மருத்துவபீடத்தைப் பிள்ளையைக் கொண்டு எட்ட முனையும் பெற்றோரை உயர்தரப் பரீட்சைக் காலத்தில் கண்டிருக்கும் எமக்கு இந்தச் சூனியக்காரி அந்நியமானவள் அல்லள். அதே பருவத்தின் மற்றோர் அங்கத்தில், எவரும் கவனிக்காத ஒரு மாணவி மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாதவளாகவே ஆகிவிடுகிறாள்.

பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டிய பாத்திரம் பஃபியின் தாயார் ஜொய்ஸ். கணவரைப் பிரிந்து தனியே மகளை வளர்ப்பவர், அன்பானவர். ஆயினும் மகள் இரவுதோறும் எங்கே போகிறாள், உடையில் ஏன் இரத்தக் கறை என்பது இரண்டு பருவங்களாக அவருக்குத் தெரியாது. 1998 மே மாதம் ஒளிபரப்பான அங்கத்தில் உண்மை வெளிப்படுகிறது. அதனைத் தாங்கவியலாத தாய், இப்போது வெளியே போனால் திரும்பி வராதே என்கிறார். மகள் போய்விடுகிறாள், ஊரை விட்டே போய்விடுகிறாள். பிள்ளை ஒரு பேருண்மையைச் சொன்ன மறுகணம் வாயிலிருந்து வரும் முதற் சொல் எத்துணை பாரதூரமானது என்பதை எடுத்துக்காட்ட இங்கு எந்தப் பேயும் தேவைப்படவில்லை.

1999 ஏப்ரல் 20ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பாடசாலையில் இரு மாணவர்கள் துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றனர். ஒரு வாரத்தில் ஒளிபரப்பாகவிருந்த பஃபி அங்கம் ஒன்று அதனால் செப்டெம்பர் மாதம் வரை பிற்போடப்பட்டது. காரணம் அதன் கதை. பிறர் எண்ணங்களைக் கேட்கும் ஆற்றல் பஃபிக்கு வந்துவிடுகிறது; பாடசாலையில் அனைவரையும் கொல்லப்போகிறேன் என்று யாரோ நினைப்பது அவள் காதில் விழுகிறது. எல்லோராலும் கேலிசெய்யப்படும் ஜொனதன் என்ற மாணவன் மணிக்கூட்டுக் கோபுரத்தில் துப்பாக்கியுடன் நிற்கிறான். அவள் அங்கே ஏறிச் சென்ற பின்னரே தெரியவருகிறது, அவன் கொல்ல வந்தது தன்னையே. கொலைகாரி சிற்றுண்டிச்சாலையில் உணவில் நஞ்சு கலப்பவள். ஒவ்வொருவரும் தத்தமது வேதனையின் இரைச்சலில் மூழ்கியிருப்பதால் உன் வேதனை எவர் காதிலும் விழவில்லை என்ற கருத்தில் பஃபி அவனுக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த ஆண்டு பிற்போடப்பட்டது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அத்துயரத்தின் பின்னர் குடும்பங்கள் பேச வேண்டியிருந்த விடயமும் அதுவாகவே இருந்தது.

தடைவிதிக்க முற்படும் பெற்றோரைப் பற்றியும் ஓர் அங்கம் உண்டு. இரு குழந்தைகளின் சடலங்கள் கண்டெடுக்கப்பட, ஜொய்ஸ் தலைமையில் பெற்றோர் திரள்கின்றனர். மாணவரின் அலுமாரிகள் சோதனையிடப்படுகின்றன. நூலகப் புத்தகங்கள் பறிமுதலாகின்றன. ஈற்றில் தாய்மாரே தம் பெண்பிள்ளைகளைக் கம்பத்திற் கட்டித் தீயிட முனைகின்றனர். அக்குழந்தைகள் உண்மையில் ஒரு பிசாசின் தோற்றங்கள். பெற்றோரின் அச்சத்தைச் சற்று மிகைப்படுத்தியே காட்டிவிட்டார்கள் என்பது எனது அபிப்பிராயம்.

ஏனெனில் அச்சத்துக்கு நியாயமும் இருக்கிறது. பாலியல் உறவும் வன்முறையும் இத்தொடரில் உண்டு. 2001இல் ஆரம்பித்த ஆறாம் பருவம் மிகவும் இருண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது உரியதன்று. 2009இல் தொடங்கிய 'த வம்பயர் டயரிஸ்' போன்ற பிந்திய தொடர்களில் காட்டேரியே காதலனாக முன்னிலை பெற்றுவிட்டது. மாந்திரீகத்தைப் பொறுத்தவரையில், பஃபியின் தோழி வில்லோ அதற்கு அடிமையாவது போதைப்பொருளுக்கு அடிமையாவதைப் போலவே ஆறாம் பருவத்தில் சித்திரிக்கப்படுகிறது. மந்திரத்தை விளையாட்டுப் பொருளாக இத்தொடர் காட்டவில்லை.

2001 பெப்ரவரியில் ஒளிபரப்பான அங்கமொன்றில் ஜொய்ஸ் இறந்துபோகிறார். அவரைப் பேய் கொல்லவில்லை. மூளையின் இரத்தக்குழாய் வெடித்து வீட்டுச் சாய்கதிரையிலேயே உயிர் பிரிகிறது. அந்த அங்கம் முழுவதிலும் பின்னணி இசை கிடையாது. ஆயிரமாண்டு பிசாசாக இருந்து மனிதப் பெண்ணான அன்யா, இறந்தவர் ஏன் மீண்டும் தன் உடலுக்குள் வரக்கூடாது என்று குழந்தைபோற் கேட்டு அழுகிறாள். எவரிடமும் விடையில்லை.

சில வாரங்களின் பின்னர் பஃபியின் தங்கை டோன், மந்திரத்தின் மூலம் தாயை மீட்டெடுக்கத் துணிகிறாள். இரவில் வாசற்கதவு தட்டப்படுகிறது. அதுவரை தங்கையைக் கண்டித்துக்கொண்டிருந்த பஃபி, "அம்மா" என்று கதவை நோக்கி ஓடுகிறாள். வந்து நிற்பது தாய்தானா என்ற அச்சம் தங்கையைப் பற்றிக்கொள்ள, மந்திரத்துக்குப் பயன்பட்ட புகைப்படத்தை அவள் கிழித்துவிடுகிறாள். கதவு திறக்கிறது. வெளியே ஒருவரும் இல்லை.