மனச்சோர்வுக்கு மருந்து உண்பது அவிசுவாசமா?



ஞாயிறு ஆராதனை முடிந்து, மதிய உணவுக்குப் பின் நீங்கள் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறீர்கள். ஊர் என்றால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஏதோ ஒரு கிராமம். மறுமுனையில் தாயார். "சுகம்தான் மக்களே" என்கிறார். குரலிலோ சுகம் இல்லை. மூன்று மாதமாக அவர் சபைக்குப் போகவில்லை, இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை உறக்கமில்லை, அடுப்பு மூட்டவும் மனமில்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அண்டை வீட்டு அக்காள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது. உடனே உபவாச ஜெபத்துக்குக் காணிக்கை அனுப்புகிறீர்கள். நல்லது, அனுப்புங்கள். ஆனால் "அம்மாவை ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் ஏன் நாவு எழுவதில்லை?

சர்க்கரை நோய் மாத்திரையை ஆராதனைக்கு வரும் பையிலேயே வைத்திருக்கிறோம். கன்வென்ஷன் பந்தலில் எல்லோருக்கும் முன்பாக அதை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறோம். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையையோ அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறோம். இரண்டும் மாத்திரைகளே. ஒன்று அவிசுவாசம் என்றால் மற்றதும் அவிசுவாசமாக வேண்டும். மருந்தையே தொடாத சபைகளும் நம் நடுவில் உண்டு. அவர்களுடைய வைராக்கியத்தை நான் இகழ்வதில்லை, அவர்கள் எல்லா நோய்க்கும் ஒரே அளவுகோலை வைக்கின்றனர். நெஞ்சு வலிக்குத் திருவனந்தபுரத்துக்கு விரைந்து, மனவலிக்கு மட்டும் "விசுவாசம் போதும்" என்கிற நம்முடைய இரட்டை அளவுகோலுக்குத்தான் வேதத்தில் ஆதாரம் காணக் கூடவில்லை.

ஆசா ராஜாவை எடுத்துக் காட்டுவார்கள். தன் கால்களில் வந்த வியாதியிலும் அவன் கர்த்தரை அல்ல, வைத்தியர்களையே தேடினான் என்று 2 நாளாகமம் 16:12 அவனைக் குறை சொல்கிறதே என்பார்கள். அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி அவன் துணையை நாடியவன், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் வைத்தவன், நோயிலும் அதே இருதயத்தோடு இருந்தான் என்பதே அங்குள்ள குற்றச்சாட்டு. வைத்தியர்களைத் தேடியதைவிடக் கர்த்தரைத் தேடாமல் விட்டதே அங்கு எண்ணப்படுகிறது. வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் படித்தோர் இன்னொன்றையும் அறிவர். அவ்வசனத்தில் வைத்தியர்களைக் குறிக்கும் சொல்லும், யாத்திராகமம் 15:26-இல் கர்த்தர் தம்மைப் பரிகாரி என்று அழைத்துக்கொள்ளும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நம் பழந்தமிழ் வழக்கிலும் பரிகாரி என்றால் வைத்தியர்தான். தேவன் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரை உடைய ஒரு தொழில் இழிவானதாக இருக்குமா?

எசேக்கியாவுக்கு ஆயுசு கூட்டப்படும் என்ற வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த ஏசாயாவே, பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கவும் சொன்னார். பவுலுடன் பயணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் எழுதி அனுப்பியது ஜெபக்குறிப்பு அல்ல.

எலியாவிடம் சற்று நின்று பார்ப்போம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், சில நாட்களுக்குள் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). "இவ்வளவு பெரிய ஜெயத்துக்குப் பிறகு உனக்கு ஏன் இந்தத் துக்கம்? ஏதோ மறைவான பாவம் இருக்கிறது" என்று தேவதூதன் கேட்கவில்லை. நித்திரை செய்ய விட்டான். தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் நித்திரை, மறுபடியும் உணவு. நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குச் சேர்ந்த பின்னரே கேள்வியும் பதிலும் நடந்தன. முதலில் சரீரம், பிறகு சம்பாஷணை. தேவன் கையாண்ட வரிசை அது. நாமோ உறக்கமில்லாமல் துவண்டு கிடப்பவரை இரவு முழு ஜெபத்துக்குக் கூட்டிச்சென்று, இருந்த கொஞ்ச உறக்கத்தையும் எடுத்துவிடுகிறோம்.

"இது பிசாசின் போராட்டம் அல்லவா, பாஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு மத்தேயு 4:24-ஐக் காட்டுகிறேன். பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் அவ்வசனம் தனித்தனியாகவே எண்ணுகிறது. வேதம் பிரித்த ஒன்றை நாம் ஏன் ஒரே கட்டாகக் கட்டவேண்டும்?

சுவிசேஷம் மருந்துப் பெட்டியோடு வந்த பூமி

தென் திருவிதாங்கூரில் நம் முன்னோர் சுவிசேஷத்தையும் மருந்தையும் ஒரே கையிலிருந்து வாங்கினர். லண்டன் மிஷனெரி சங்கத்தின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் நெய்யூரில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1922-இல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இருந்த அறுவை வைத்தியர் ஹோவர்ட் சாமர்வெல், அப்பயணத்தின் முடிவில் நெய்யூரைக் காண வந்தார். நோயாளிகளின் கூட்டத்தையும் வைத்தியர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி 2002 முதல் காரக்கோணத்தில், நம் எல்லைக் கிராமங்களின் நடுவிலேயே நிற்கிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வைத்தியத்துக்காக மக்கள் அந்தக் கோட்டை இருபுறமும் கடந்துகொண்டேதான் இருக்கின்றனர்.

உடலுக்கு வைத்தியம் செய்த மிஷனெரிகள் மனதை விட்டுவிட்டார்களோ என்றால், இல்லை. ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயரை உங்களில் முதியவர்கள் அறிவார்கள். இந்தியாவில் ஊழியத்தின் ஆரம்ப ஆண்டுகளில் அவர் பலமுறை நரம்புத் தளர்ச்சியால் விழுந்தார். லக்னோவில் ஜெபத்தில் இருந்தபோது கர்த்தர் தம்மைத் தொட்டதாகவும், அதன்பின் திடன் பெற்றதாகவும் அவரே சாட்சி சொன்னார். ஜெபத்தினால் சுகம்பெற்ற அந்த மனிதர் 1950-இல் அதே லக்னோவில் நிறுவியது நூர் மன்சில் என்னும் மனநல மருத்துவ நிலையம். தாம் பெற்ற அற்புதம் மற்றவருக்கு மருத்துவர் தேவையில்லை என்பதற்கு அத்தாட்சி என்று அவர் எண்ணவில்லை. 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையத்தைத் திறந்தது; கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு முன்னோடி. நோயாளியைத் தனியே பூட்டிவைக்காமல் குடும்பத்தார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை அங்கே வளர்ந்தது.

மருந்தை மறுத்து வேண்டுதலை மட்டும் நம்பியதின் விலையையும் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்த காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். "அது வேறு மதத்தாரின் இடம்" என்று நாம் கடந்துபோக வேண்டாம். நம் ஜெப வீடுகளிலும் கையைக் கட்டி வைத்து ஜெபித்த காலம் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. ஜெபம் என்ற காரணம் அதற்கு விலக்கல்ல. பிற்பாடு அதே ஏர்வாடியில் வேண்டுதலோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்கள் கற்றுக்கொண்டதை நாமும் கற்கலாம்.

கேரளத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள், கேரளத்தில் 28.5. அந்த எண்ணிக்கையில் விசுவாசக் குடும்பங்கள் இல்லை என்று நினைப்பவர், அடக்க ஆராதனைகளை நடத்தாதவராக இருக்கவேண்டும்.

மாத்திரை என்ன செய்கிறது

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுடைய மனமும் எழும்பியதை வைத்தியர்கள் கவனித்தனர். 1957-இல் சுவிஸ் வைத்தியர் ரோலண்ட் கூன் இமிப்ரமின் பற்றி எழுதினார். இன்று நம் வைத்தியர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது ஃபுளூக்சிட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. இவை மூளையில் செய்திகளைக் கடத்தும் இரசாயனங்களின்மேல் செயல்படுகின்றன. சோர்வின் காரணம் முழுவதும் அதுதான் என்று எந்த நேர்மையான வைத்தியரும் சொல்லமாட்டார். கடனும் குடிகாரக் கணவனும் பிரசவமும் பிரிவும் அதில் கலந்திருக்கும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இதே முகத்தோடு வரும். ஆகையால் முதலில் இரத்தப் பரிசோதனை.

இந்த மாத்திரை தலைவலி மாத்திரையைப்போல் ஒரு மணிநேரத்தில் வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். நம் ஜனங்கள் அநேகர் அந்த முதல் வாரத்திலேயே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கர்த்தர் தடுக்கிறார்" என்று நிறுத்திவிடுகின்றனர். வாலிபருக்கு ஆரம்ப வாரங்களில் சாவைப் பற்றிய எண்ணம் கூடவும் வாய்ப்புண்டு. அந்நாட்களில் வீட்டார் கூடவே இருக்கவேண்டும். சுகம் தெரிந்த பின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரும்படி வைத்தியர்கள் சொல்கின்றனர். இவை மதுவைப்போல் மனிதனை அடிமையாக்குவதில்லை; ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கக்கேடும் வரும். உறக்கத்துக்கு என்று கொடுக்கப்படும் அல்ப்ரசோலம், குளோனசெபம் வேறு இனம். அவை பழக்கமாகக் கூடியவை. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்காக வாங்கி விழுங்குவது ஆபத்து.

"மாத்திரையைக் குப்பையில் எறிந்தேன், விசுவாசத்தில் நிற்கிறேன்" என்னும் சாட்சியை என் மேடையில் சொல்ல நான் இடம் கொடுப்பதில்லை. தெய்வீக சுகத்தை நான் நம்பாததினால் அல்ல. யாக்கோபு 5:14-இன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். கர்த்தர் சுகமாக்கியதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கிய உடனே, ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினார். அந்நாளில் குஷ்டத்தைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல நியமிக்கப்பட்டவன் ஆசாரியன். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படுவதில்லை. ஜெபத்தில் விடுதலை கிடைத்ததென்று உணர்கிறீர்களா? வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கட்டும். அப்பொழுது அவரும் தேவனை மகிமைப்படுத்துவார்.

உபவாசம் பற்றி ஒரு வார்த்தை. ஊழியக்காரர்களும் இதைக் கவனியுங்கள். மனநிலை மிகவும் ஏறியும் இறங்கியும் தவிக்கிறவர்களுக்கு லித்தியம் கொடுக்கப்படுகிறது. அவர்கள் தண்ணீரின்றி உபவாசித்தால், உடலில் நீர் குறைந்து அம்மருந்து நஞ்சாகும் அளவுக்கு இரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அபிஷேகம் என்று எண்ணிக் கைதட்டிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று நாள் உபவாசக் கூட்டத்தை அறிவிக்கும்போதே, மருந்து உண்கிறவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வரும்படி சொல்வது மேய்ப்பனின் கடமை.

ஊரில் எங்கே போவது என்று கேட்பீர்கள். கேரளத்தில் குடும்பாரோக்கிய கேந்திரங்களில் மனச்சோர்வைக் கண்டறிய "ஆஸ்வாசம்" என்னும் திட்டம் உண்டு. ஆஷா பணியாளரிடம் கேட்டாலே வழி சொல்வார். பாறசாலைத் தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையிலோ கேட்டு, மனநல மருத்துவர் இருக்கும் நாளை அறிந்துகொள்ளலாம். அங்கே இந்நோய்க்கு "விஷாத ரோகம்" என்று பெயர். தமிழில் மட்டுமே மனதைத் திறக்கத் தெரிந்த நம் தாய்மார் அங்கே போய் "தலைப் பாரம், நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல்" என்று சொல்லி, வாயு மருந்தோடு திரும்பிவிடுகின்றனர். கூடப் போகிறவர் உறக்கமின்மையையும் அழுகையையும், சாவைப் பற்றிப் பேசியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவசரமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்துக்குள் 1056 என்ற எண்ணும் உண்டு.

தாயாரை உங்களோடு சில மாதம் இருக்க நகரத்துக்கு அழைத்து வருவீர்களானால், மருந்துச் சீட்டையும் ஒரு மாதத்துக்கான மாத்திரையையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் விற்கப்படுவதால், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைக் குறித்து வையுங்கள். வந்ததும் அவற்றை அரிசிப் பானையில் தேட வேண்டாதபடி, சர்க்கரை மாத்திரை இருக்கும் அதே அலமாரியில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.